படித்த இடத்தில் பொறித்த பெயர்கள்

மலருக்கு என்ன எழுதப் போகிறீர் என்று சங்கத்து நண்பர் ஒருவர் கேட்டார். போர்க்களத்தில் அருஞ்சேவை புரிந்த பழைய மாணவர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் செய்யும் சிறப்பைப் பற்றி என்றேன். அவர் சிரித்துவிட்டு, "நயினார், நீங்க எறும்பு மிதிபடக் கூடாதுன்னு பார்த்து நடக்கிற ஆளு. உங்களுக்கு எதுக்கு இந்தத் துப்பாக்கி சமாசாரம்?" என்றார். நியாயமான கேள்விதான். பதிலை முதலில் எழுதிவிடுகிறேன்.

சமணம் இம்சையை நான்காகப் பிரிக்கும். வேண்டுமென்றே செய்வது சங்கல்பி. அடுப்படி முதலான வீட்டு வேலையில் நேர்வது ஆரம்பி. தொழிலில் நேர்வது உத்தியோகி. எதிர்த்து வருபவனைத் தடுக்கையில் நேர்வது விரோதி. துறவிக்கு நான்கும் ஆகாது. இல்லறத்தான் முதலாவதை அறவே விடவேண்டும். மற்ற மூன்றையும் இயன்றமட்டும் குறைக்கவேண்டும். ஆகவே சமணர் படை நடத்தியதில் முரண் ஒன்றுமில்லை. கங்க மன்னர்களின் படைத்தலைவரான சாவுண்டராயர் சமணர். சமரதுரந்தரன், வீரமார்த்தாண்டன், ரணரங்கசிங்கன் என்று போருக்குப் போர் ஒரு விருதுப்பெயர் பெற்றவர். அவரேதான் கி.பி. 981 வாக்கில் சிரவணபெளகுளத்தில் பாகுபலியின் பேருருவத்தை எழுப்பினார். அண்ணனை வென்ற அந்தக் கணத்திலேயே வெற்றியைத் துறந்தவர் பாகுபலி. அத்தனை விருது வாங்கிய மனிதர் ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தார் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

இனி பல்கலைக்கழகத்துக்கு வருவோம். அமெரிக்காவின் ஹார்வர்டில் நடந்ததை எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் அங்கே யாருடைய பெயரைப் பொறிப்பது என்ற கேள்வி ஒரு தரமல்ல, இரண்டு தரம் எழுந்தது.

1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் வடதரப்புக்காக உயிர்நீத்த மாணவர்களுக்கென்று அங்கே மெமோரியல் ஹால் என்னும் பெரிய மண்டபம் 1870-களில் கட்டப்பட்டது. சலவைக்கல் பலகைகளில் 136 பெயர்கள். அவற்றுள் ஒன்று ராபர்ட் கூல்ட் ஷா. கறுப்பின வீரர்களைக் கொண்ட 54-ஆம் மாசசூசெட்ஸ் படையை நடத்தி 1863 ஜூலை 18 அன்று வாக்னர் கோட்டை முன் விழுந்தவர். தென்தரப்பில் நின்று மாண்ட ஹார்வர்டு மாணவர்களும் பலர். அவர்கள் பெயர் ஒன்றுகூட அங்கே இல்லை. இதை நான் குறை சொல்லமாட்டேன். அடிமைமுறையைக் காக்க எடுத்த வாளையும் அதை ஒழிக்க எடுத்த வாளையும் ஒரே சுவரில் மாட்டினால், ஷாவின் பின்னே நடந்தவர்களுக்கு என்ன சமாதானம் சொல்வது?

முதல் உலகப்போரில் மாண்டவர்களுக்காக 1932-இல் அதே வளாகத்தில் நினைவு ஆலயம் திறந்தார்கள். அங்கே தம் பக்கத்து வீரர்களின் பெயர்களோடு, லத்தீனில் எழுதிய சிறிய பலகை ஒன்றும் உண்டு. ஜெர்மானியப் படையில் சேர்ந்து மாண்ட ஹார்வர்டு மாணவர்களுக்கு உரியது அது. வேறு கொடியின் கீழ் நின்று தம் நாட்டுக்காக உயிர் விட்டாலும் தன் பிள்ளைகளைக் கழகம் மறக்கவில்லை என்பது அதன் கருத்து. ஆக்ஸ்போர்டின் நியூ காலேஜிலும் 1930-இல் ஜெர்மானிய மாணவர் மூவருக்கு இதுபோல ஒரு பலகை வைத்தார்கள். சண்டை ஓய்ந்து இருபது வருஷம்கூட ஆகவில்லை! இதற்கு ரொம்பத் துணிச்சல் வேணும்.

வியட்நாம் போரை எதிர்த்து 1969-இல் ஹார்வர்டு மாணவர்கள் கிளர்ந்தெழுந்த பிறகு அங்கிருந்து வெளியேறிய ராணுவப் பயிற்சிப் பிரிவு, 2011-இல்தான் திரும்பி வந்தது. ஆனால் அதற்கு முன்பே, 2009-இல், அந்த நாட்டின் தலையாய வீர விருதான மெடல் ஆஃப் ஆனர் பெற்ற பழைய மாணவர்களுக்கு நினைவு ஆலயத்தில் பட்டயம் பதித்துவிட்டார்கள்.

ஹார்வர்டில் சட்டம் படித்து அவ்விருதை வாங்கியவர்களில் சார்லஸ் விட்டில்சி ஒருவர். 1918 அக்டோபரில் பிரான்சின் ஆர்கோன் காட்டில் 550-க்கும் மேற்பட்ட வீரர்களோடு சூழப்பட்டார், சரணடையவில்லை. தம் காலால் நடந்து வெளியே வந்தவர்கள் 194 பேர். ஊர் கொண்டாடிற்று, கூட்டத்துக்குக் கூட்டம் பேச அழைத்தது. 1921 நவம்பரில் பெயர் தெரியாப் போர்வீரரின் சவப்பெட்டிக்குத் துணைநின்ற சில நாட்களில், ஹவானா செல்லும் கப்பலில் ஏறினார். கடிதங்களை எழுதி வைத்துவிட்டு இரவில் கடலில் மறைந்தார். விருதைக் கழற்றி வைக்கலாம். காட்டை எங்கே கழற்றி வைப்பது?

நம் மும்பைக்கும் இதில் பங்குண்டு. மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1946 செப்டம்பர் 13 அன்று இங்கே பிறந்தவர். தென்னிந்தியர்கள் 1932-இல் மாட்டுங்காவில் தொடங்கிய எஸ்.ஐ.இ.எஸ். கல்விக்கழகத்தின் பள்ளியில் படித்து, அதன் சயான் கல்லூரியில் 1968-இல் அறிவியல் பட்டம் பெற்றவர். சென்னையில் பயிற்சி முடித்து 1972-இல் மகர் ரெஜிமெண்டில் அதிகாரியானார். 1987-இல் அமைதிப்படையோடு இலங்கை சென்றார். நவம்பர் 25 இரவு, தேடுதல் முடித்துத் திரும்பும் வழியில் பதுங்கியிருந்தவர்கள் சுட்டார்கள். அவர் பின்புறமாகச் சுற்றி வளைத்துப் பாய்ந்தார். கைகலப்பில் மார்பில் குண்டு பட்டது. சுட்டவன் துப்பாக்கியையே பறித்து அவனை வீழ்த்தினார். மூச்சு நிற்கும்வரை கட்டளையிட்டார். மறைந்த பின் பரம்வீர் சக்கரம் அளிக்கப்பட்டது. 2023 ஜனவரியில் அந்தமான் தீவு ஒன்றுக்கு அவர் பெயர் வைத்தார்கள்.

அவர் பெயரை எந்தச் சுவரில் பொறித்தாலும் நான் கைகூப்புவேன். ஆனால் கடைக்கணக்கு எழுதிப் பழகியவன் நான், ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு ஏட்டை மூட வராது. அந்தச் சண்டையில் எதிர்த்தரப்பில் ஐவர் கொல்லப்பட்டனர் என்று விருதுக்கான பாராட்டுரை சொல்கிறது. கைப்பற்றிய துப்பாக்கி மூன்று, ராக்கெட் ஏவுகருவி இரண்டு என்றும் சொல்கிறது. அந்த ஐவரும் எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் நாம் படித்த அதே அரிச்சுவடியைப் படித்தவர்களாகத்தான் இருக்கவேண்டும். பாராட்டுரையில் அவர்களுக்கு எண்ணிக்கை மட்டுமே உண்டு, பெயர் இல்லை.