கட்சிக்காரரைத் தேடிய பாரிஸ்டர்

புதிதாகச் சன்னது பெற்றுத் தனியே தொழில் தொடங்கும் வக்கீலுக்குச் சட்டநூல்கள் வாங்குவதும், அறை ஒன்றை வாடகைக்குப் பிடிப்பதும், வாயிலில் பெயர்ப்பலகை மாட்டுவதும் அரிய காரியங்கள் அல்ல. அப்பலகையைப் படித்துவிட்டு உள்ளே வரும் முதற் கட்சிக்காரர் யார் என்பதே அவரை உறங்கவொட்டாத கேள்வி. பிறையிலும் ஜார்ஜ் டவுனிலும் தோட்டத்து லயங்களில் வளர்ந்த நம் பிள்ளைகள் இன்று இத்தொழிலில் புகுகின்றனர். வழக்குகளைக் கைமாற்றித்தர அவர்களுக்கு வக்கீல் மாமனும் இல்லை, பெரிய மனிதர் உறவும் இல்லை. அவர்கள் பொருட்டே நூற்று முப்பது ஆண்டுகட்கு முற்பட்ட ஒரு வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்கின்றோம்.

1891ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மோகன்தாஸ் காந்தி இலண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்றார். பெற்ற ஓரிரு நாட்களிலேயே கப்பலேறினார். வருணாசிரமம் பற்றி அவர் பிற்காலத்தில் கூறியவற்றில் நமக்கு உடன்பாடில்லை. அது வேறு வழக்கு. இங்கே நாம் காண்பது கட்சிக்காரர் இன்றித் தவித்த ஓர் இளைஞரை. பம்பாயில் அவருக்குக் கிடைத்த முதல் வழக்கு மாமிபாய் என்னும் அம்மையாருடையது. தரகருக்குப் பங்கு தரவேண்டும் என்றனர், அவர் மறுத்தார். மாதம் மூவாயிரம், நாலாயிரம் சம்பாதிக்கும் பெரிய வக்கீலே தரகு கொடுக்கிறாரே என்றனர். தமக்கு மாதம் முந்நூறு போதும், தம் தந்தையாரும் அதற்குமேல் பெற்றதில்லை என்றார் காந்தி. வழக்கு எப்படியோ அவரிடமே வந்தது. கட்டணம் முப்பது ரூபாய். ஸ்மால் காஸ் கோர்ட்டில் எதிர்க்கட்சிச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவருக்குத் தலை சுற்றியது, நா எழவில்லை. அமர்ந்துவிட்டார். கட்டணத்தைத் திருப்பித் தந்து வேறு வக்கீலை அமர்த்திக்கொள்ளச் சொன்னார். பிறகு பள்ளி ஒன்றில் எழுபத்தைந்து ரூபாய்ச் சம்பளத்தில் ஆங்கில ஆசிரியர் வேலைக்குப் போய்க் கேட்டார். பி.ஏ. இல்லை என்று அதுவும் கிட்டவில்லை!

ராஜகோட்டுக்குத் திரும்பி, தமையனாரின் கூட்டாளியான வக்கீலிடம் வந்த ஏழைகளுக்கு விண்ணப்பங்கள் எழுதிக் கொடுத்தார். மாதம் முந்நூறு ரூபாய் வரத்தான் செய்தது. ஆனால் பம்பாயில் தரகருக்கு மறுத்த பங்கை ராஜகோட்டில் வழக்கனுப்பும் வக்கீல்களுக்குக் கொடுக்க நேர்ந்தது. இதை அவரே தம் சுயசரிதையில் மறைக்காது எழுதியுள்ளார். பசி வந்தால் கொள்கை எவ்வாறு வளைகிறது என்பதை இதனினும் நேர்மையாகச் சொன்ன வக்கீலை நாம் கண்டதில்லை. மலேசியாவிலும் 1976ஆம் ஆண்டுச் சட்டம் தரகு கொடுத்து வழக்குப் பிடிப்பதை வக்கீலுக்குத் தகாத நடத்தையாகவே வைத்துள்ளது.

1893இல் தாதா அப்துல்லா கம்பெனியாரின் அழைப்பின்மேல், நூற்றைந்து பவுன் ஊதியத்திற்கு அவர் நேட்டாலுக்குச் சென்றார். நாற்பதாயிரம் பவுன் வழக்கு மத்தியஸ்தத்தில் முடிந்தது. ஊர் திரும்பும் வேளையில் இந்தியரின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதா வந்தமையால் அவரை அங்கேயே நிறுத்திக்கொண்டனர். பொதுத்தொண்டுக்குக் கூலி வாங்க அவர் இசையவில்லை. ஆகவே வணிகர் இருபதின்மர் தம் வழக்குகளைப் பார்க்க ஓராண்டு முன்பணம் தந்தனர். மேசை நாற்காலிகளைத் தாதா அப்துல்லா வாங்கிக் கொடுத்தார். நேட்டால் வக்கீல் சங்கம் எதிர்த்தும், 1894இல் உயர்நீதிமன்றம் அவரைப் பதிவு செய்தது. பதிந்தவுடன் தலைப்பாகையைக் கழற்றச் சொல்லிற்று, கழற்றினார்.

தொழில் தொடங்கி மூன்று நான்கு மாதங்களுக்குள் ஒரு தமிழர் அழுதுகொண்டு வந்து நின்றார். கந்தல் உடை, முன்பற்கள் இரண்டு உடைந்து வாயில் குருதி. பாலசுந்தரம் என்பது அவர் பெயர். டர்பனில் பேர்பெற்ற வெள்ளைக்காரர் ஒருவரிடம் சஞ்சிக்கூலியாக இருந்தவர், அவ்வெஜமானரே அடித்தவர். காந்தியின் குமாஸ்தாவும் தமிழராதலின் சொன்னது விளங்கிற்று. வெள்ளை டாக்டரிடம் சான்று பெற்று, நேரே மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப் போனார் காந்தி. எஜமானருக்குச் சம்மன் பிறந்தது. சாதாரண வேலைக்காரன் வேலையை விட்டுப் போனால் அது சிவில் விவகாரம். சஞ்சிக்கூலி போனால் சிறை. ஆகையால் தண்டனை வாங்குவதைவிட அவரை அங்கிருந்து மீட்பதே காந்தியின் நோக்கமாயிற்று. எஜமானர் இசைந்தார்; வேறொரு வெள்ளையரிடம் ஒப்பந்தம் மாற்றப்பட்டது. முழு விடுதலை அன்று. ஆயினும் செய்தி லயந்தோறும் பரவிற்று. அதன்பின் சஞ்சிக்கூலிகள் சாரிசாரியாக அவ்வலுவலகத்திற்கு வரலாயினர்.

தலைப்பாகையைக் கையில் ஏந்தியபடியே பாலசுந்தரம் உள்ளே வந்தார். வெள்ளையர்முன் அவ்வாறே நிற்கவேண்டும் என்பது கூலிகளுக்கு விதிக்கப்பட்ட வழக்கம். காந்தி அதைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். தயங்கித் தயங்கிக் கட்டிக்கொண்டபோது அவர் முகம் மலர்ந்ததாம்.

நம் வட்டாரத்தார்க்கு இது அயலூர்க் கதையன்று. பிறை உள்ளிட்ட வெல்லெஸ்லி மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களில் உழைத்தவர்களும் சஞ்சிக்கூலிகளே. அம்முறை மலாயாவில் 1910இல்தான் ஒழிக்கப்பட்டது. ஜார்ஜ் டவுனில் 1808 முதலே நீதிமன்றம் இருந்தது. வெள்ளையரல்லாதார் உரிமைக்காகப் பேசிய ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸன் லோகன் போன்ற வக்கீலும் அங்கு இருந்தார். 1869இல் மறைந்த அவருக்கு லைட் தெருவில் நினைவுச்சின்னம் உண்டு. ஆனால் கடற்காலுக்கு இப்பால் கரும்பு வெட்டியவனுக்குக் கோர்ட்டு என்றால் ஓடிப்போனவனைச் சிறைக்கு அனுப்பும் இடம். அவனும் ஒரு வக்கீலுக்குக் கட்சிக்காரனாகலாம் என்று யார் சென்று சொன்னார்? வக்கீலுக்கு வழக்கில்லை என்பதும், வழக்குடையவனுக்கு வக்கீல் இருப்பதே தெரியாது என்பதும் ஒரே ஊரில் ஒருங்கே நிகழ்வன. தொழிலாளர் சங்கக் கூடத்திலும் கோயில் மண்டபத்திலும் மாதம் ஒரு மாலை அமர்ந்து, சம்பளப் பாக்கி, நஷ்டஈடு, குடியுரிமைத் தாள் பற்றிக் கேட்பார்க்கு விடைசொல்லும் இளம் வக்கீலுக்கு இவ்விரண்டும் விளங்கும்.

காந்தியின் அலுவலகத்தை நடத்தியது வணிகரின் பணமே. பாலசுந்தரத்திடம் கொடுக்க என்ன இருந்தது? எனினும் 1896இல் காந்தி சென்னைக்கு வந்து பச்சையப்பன் மண்டபத்தில் பேசியபோது கூட்டத்தாரை உருக்கியது பாலசுந்தரத்தின் செய்தியே. தென்னாப்பிரிக்க இந்தியர் நிலைபற்றிய அவருடைய சிறுநூலைச் சென்னையில் பதினாயிரம் படிகள் மறுபதிப்பாக அச்சிட வேண்டியதாயிற்று.