பாரி மகளிர்: பெயரில்லாத இருவர்

புறநானூற்றின் 112-ஆம் பாடல் ஐந்தே அடிகள். பாடியவர் பெயர் வரவேண்டிய இடத்தில் 'பாரி மகளிர்' என்று மட்டும் இருக்கும். போன மாத நிலவில் அப்பா இருந்தார், குன்றும் எங்களுடையது. இந்த மாத நிலவில் இரண்டும் இல்லை. அவ்வளவுதான் விஷயம். பள்ளியில் கையறுநிலைக்கு உதாரணமாக மனப்பாடம் செய்து, மார்க் வாங்கிவிட்டுக் கடந்து வந்திருப்போம்.

ஆனால் இரண்டு பேர் எப்படி ஒரே பாட்டைப் பாடுவார்கள்? ஒருத்தி ஆரம்பித்து இன்னொருத்தி முடித்தாளா? பாட்டுக்குள் 'நான்' என்ற சொல்லே கிடையாது. இருப்பது 'நாங்கள்'. பழந்தமிழில் 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே. 'யாம்' என்றால் கேட்பவர் வெளியே. இவர்கள் 'யாம்' என்கிறார்கள். துக்கத்தைச் சுற்றி ஒரு வேலி, உள்ளே இரண்டே பேர்.

வெளியே நின்று பார்த்தவர் கபிலர், பாரியின் நண்பர். 116-ஆம் பாடலில் அவர் காட்டும் காட்சி விசித்திரமானது. சின்ன வீட்டு முற்றத்தில் ஈத்திலைக் குப்பைமேல் ஏறி நின்று, உப்பு விற்கும் உமணர்களின் வண்டிகளை இந்தப் பெண்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பறம்புமலையில் இருந்தபோது, படையெடுத்து வந்த வேந்தர்களின் குதிரைகளை எண்ணியவர்கள். நாடு போய்விட்டது, அப்பா போய்விட்டார், எண்ணும் விளையாட்டு மட்டும் மிச்சம். கொடுங்கையூரில் குப்பைமேட்டையும் வரிசைகட்டிப் போகும் லாரிகளையும் பார்த்து வளர்ந்த எனக்கு இந்தப் படம் சட்டென்று புரிந்தது. கபிலருக்கோ தாங்க முடியவில்லை. தன் வாழ்நாள் தேய்ந்துபோகட்டும் என்கிறார்.

இப்படி இருவருக்குள் பூட்டிக்கொண்ட வாழ்க்கைக்கு நம் காலத்தில் சாட்சி உண்டு. ஜூன், ஜெனிஃபர் கிப்பன்ஸ்: 1963-இல் ஏடனில் பிறந்து வேல்ஸில் வளர்ந்த இரட்டையர்கள், பார்படோஸ் குடும்பம். தங்களுக்குள் மட்டுமே பேசினார்கள். பதினான்கு வயதில் தனித்தனிப் பள்ளிக்கு அனுப்பியபோது இருவருமே முடங்கிப்போனார்கள். திருட்டு, தீவைப்பு வழக்கில் 1982-இல் பிராட்மூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்கள். 1993-இல் அங்கிருந்து வேறிடம் மாற்றப்பட்ட நாளிலேயே ஜெனிஃபர் இதய அழற்சியால் இறந்தார். அவர்களுடைய நாட்குறிப்புகளைப் படித்து எழுதியவர் பத்திரிகையாளர் மார்ஜரி வாலஸ். அதில் பாசம் அளவுக்கு வெறுப்பும் இருந்தது. ஒருத்திக்கு இன்னொருத்தி நிழலாகவும் சிறையாகவும் இருந்தாள். 'நாங்கள்' என்ற சொல்லுக்குள் இரண்டு தனி மனுஷிகள் முட்டிக்கொண்டிருந்தது நாட்குறிப்பு இருந்ததால்தான் வெளியே தெரிந்தது.

பாரி மகளிர் விட்டுப்போனது ஐந்து அடி. மீதியை மற்றவர்கள் நிரப்பினார்கள். கபிலர் விச்சிக்கோவிடம் இவர்களுக்காக மணம் பேசுகிறார், பிறகு இருங்கோவேளிடம், இருங்கோவேள் மறுத்துவிடுகிறான். 200 முதல் 202 வரையுள்ள அந்தப் பாடல்களில் மூத்தவள் யார், இளையவள் யார் என்ற பேச்சே இல்லை. முதலாம் ராஜராஜன் காலத்துத் திருக்கோவலூர்க் கல்வெட்டு, பாரியின் அடைக்கலப் 'பெண்ணை' கபிலர் மலையனுக்குக் கொடுத்துவிட்டுத் தீப்புகுந்ததாகச் சொல்கிறது. பெண்ணை, ஒருமையில். இருவர் ஒருத்தியாகிவிட்டார்கள். பின்னால் வந்த கதைகள் திரும்ப இருவராக்கி அங்கவை, சங்கவை என்று எதுகையில் பெயர் வைத்தன. ஔவையார் முன்னின்று இருவரையும் தெய்வீகன் என்ற ஒரே அரசனுக்கு மணம் முடித்தார் என்றன. சங்கப் பாடல்களில் இந்தப் பெயர்கள் இல்லை.

2007-இல் 'சிவாஜி' படத்தில் அங்கவை, சங்கவை மறுபடி வந்தார்கள். கறுப்பாக இருப்பதால் மாப்பிள்ளை வேண்டாமென்று ஓடுகிற இரண்டு பெண்கள், தியேட்டரே சிரித்தது. தமிழ் அறிந்தவர்கள் கோபப்பட்டது பெயருக்காக. எனக்கு உறைத்தது வேறு. ஒரு பெரியவர் இரண்டு பெண்களைச் சேர்த்தே ஒருவனிடம் நீட்டுகிறார், அவன் வேண்டாம் என்கிறான்: இது இருங்கோவேளின் வாசலில் நடந்தது. அன்று கபிலர் கொதித்தார். நாம் பாப்கார்னோடு பார்த்தோம். அன்றும் சரி, இன்றும் சரி, அந்த இருவரில் ஒருத்தியைத் தனியாக அழைத்து 'உனக்கு என்னம்மா வேணும்?' என்று யாரும் கேட்டதாகப் பாட்டிலும் இல்லை, கல்லிலும் இல்லை.