ஜுவாவ் மனுவேல்

ஜுவாவ் மனுவேல் (1537–1554): போர்ச்சுகலின் பட்டத்து இளவரசர், அவிஸ் மரபினர். எவோராவில் பிறந்தார். தந்தை அரசர் மூன்றாம் ஜுவாவ். தாய் கேத்தரின், பேரரசர் ஐந்தாம் சார்லஸின் தங்கை. அந்தச் சார்லஸோ மூன்றாம் ஜுவாவின் தங்கை இசபெல்லாவை மணந்தவர். நம் வழக்கில் சொன்னால், பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம்.

உடன்பிறந்தோர் ஒவ்வொருவராக இறக்க, அரச வாரிசாக எஞ்சியவர் இவரே. 1552-இல் சார்லஸ்–இசபெல்லா தம்பதியின் மகள் ஜுவானாவை மணந்தார். மணமகள் இவருக்கு அத்தை மகள்; மாமன் மகளும் அவரே!

1554 ஜனவரி 2 அன்று, 16 வயதில் ஜுவாவ் மனுவேல் இறந்தார். 18 நாள் கழித்துப் பிறந்த மகன் செபஸ்தியாவுக்குக் கொள்ளுத் தாத்தா பாட்டிகள் எட்டுப் பேருக்குப் பதில் நால்வரே. அந்நால்வரில் இரு பாட்டிகளும் உடன்பிறந்த சகோதரிகள். கிளை விரிக்காமல் சுருங்கிய குடிமரம் இது.

மூன்று வயதில் அரியணை ஏறிய செபஸ்தியாவ், 1578-இல் மொராக்கோவின் அல்காசர் கிபிர் போர்க்களத்தில் வாரிசின்றி மடிந்தார். அடுத்து ஆண்ட முதிய கர்தினால் என்றிக்கும் 1580-இல் மறைய, ஜுவானாவின் அண்ணனான ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப், தாய்வழி உரிமை கோரிப் போர்ச்சுகலைக் கைப்பற்றினார்.