நோரா சென்ற இரு வழிகள்: சீன, யப்பானியச் சமூகங்களில் தனிமனித இன்பவாழ்வு

இன்பவாழ்வைக் குறிக்கச் சீனரும் யப்பானியரும் இன்று வழங்கும் சொல் எழுத்தளவில் ஒன்றே. ஒரே இரு வரிவடிவங்களைச் சீனர் 'சிங்ஃபூ' என்றும் யப்பானியர் 'கோஃபுக்கு' என்றும் ஒலிப்பர். சொல் ஒன்றாயினும் அதன் வரலாறு ஒன்றன்று. இவ்வேறுபாட்டை மக்களின் பிறவிக்குணமாகக் காணும் வழக்கம் மேனாட்டாரிடையே நெடுங்காலம் நிலவியது. ரூத் பெனடிக்ற் 1946இல் வெளியிட்ட 'செவ்வந்தியும் வாளும்' என்ற நூல், இன்பநாட்டத்தை வாழ்வின் குறிக்கோளாகக் கொள்வது யப்பானியர்க்கு ஒவ்வாத கொள்கை என்கிறது. போர்க்காலத்தில், யப்பானுக்குச் செல்லாமலே நிகழ்த்தப்பெற்ற ஆய்வின் விளைவு அந்நூல். ஆயின் அதற்கு எண்பது ஆண்டுகள் முன்னரே, 1866இல், ஃபுக்குசாவா யூக்கிச்சி அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை மொழிபெயர்த்து, இன்பவாழ்வை நாடும் உரிமையை யப்பானிய வாசகர்க்கு அறிமுகஞ்செய்திருந்தார். அவரது நூல் மிகப் பரவலாக வாசிக்கவும்பட்டது. எனவே வேறுபாட்டைக் குருதியிலன்றிக் குடும்பம், சொத்து, அரசு ஆகியவற்றின் அமைப்பிலேயே தேடவேண்டும்.

மரபுவழிச் சீனத்தில் தந்தையின் நிலம் ஆண்மக்களிடையே சமமாகப் பங்கிடப்பட்டது. யப்பானிய 'இயே' எனும் மனையோ பங்கிடப்படாது ஒருவனுக்கே சென்றது. தகுந்த மகன் இல்லாதவிடத்து மருமகனைத் தத்தெடுத்தேனும் மனையின் பெயரும் தொழிலும் காக்கப்பட்டன. ஒன்று குலத்தின் தொடர்ச்சி. மற்றது ஒரு நிறுவனத்தின் தொடர்ச்சி எனலாம். சீனரின் தொன்னூலாகிய 'சூ சிங்' நெடுவாழ்வு, செல்வம், உடல்நலமும் அமைதியும், அறநாட்டம், இயற்கையான முடிவு என ஐந்து பேறுகளைக் கூறும். இவற்றுட் பெரும்பாலானவை ஊரார் கண்ணுக்குப் புலப்படுவன. பேறு எனும் எழுத்தைச் செந்தாளில் எழுதிச் சீனர் ஒட்டுவது வீட்டின் வாயிற் கதவிலாகும். அப்பேறு வீட்டுக்கு உரியது. வீட்டிலுள்ள ஒருவருக்குத் தனியே உரியதன்று.

இரு நாட்டு நாடகங்களும் இதற்குச் சான்று பகரும். தாங் சியென்சூ 1598இல் நிறைவுசெய்த 'பியோனி மண்டப'த்தில் காதலால் இறந்த பெண் உயிர்த்தெழுகிறாள். காதலன் அரச தேர்வில் முதல்வனாகிறான். ஆயினும் தந்தையின் ஏற்பு எளிதிற் கிட்டவில்லை, பேரரசரே தலையிட வேண்டியிருந்தது. 1703இல் ஒசாக்காவில் அரங்கேறிய சிக்காமட்சுவின் 'சொனெசாக்கி' நாடகத்திலோ கடைச் சிப்பந்தியும் கணிகையும் கூடி உயிர்விடுகின்றனர். முன்னதில் காதல் குடும்பத்துக்குள் மீள்கிறது. பின்னதில் கடமைக்கும் மனித உணர்வுக்குமிடையே வழி அடைபட, உணர்வுக்குச் சாவே புகலிடமாகிறது. இத்தகைய நாடகங்களை 1723இல் தோக்குகாவா ஆட்சி தடைசெய்தமை, அவை அரங்கோடு நின்றுவிடவில்லை என்பதைப் புலப்படுத்தும்.

எனினும் ஒப்பீட்டுக்கு மிகப் பொருத்தமான நிகழ்ச்சி இருபதாம் நூற்றாண்டிற்குரியது. இப்சனின் 'பொம்மை வீடு' இரு நாடுகளுக்கும் ஏழு ஆண்டு இடைவெளியில் வந்தது. தோக்கியோவில் 1911இல் மட்சுயி சுமாக்கோ நோராவாக நடித்தார். அதே ஆண்டு தோன்றிய 'செய்த்தோ' என்ற பெண்கள் சஞ்சிகை, 1912 சனவரியில் நோராவைப் பற்றிய கட்டுரைகளை வெளியிட்டது. அதன் நிறுவனர் ஹிரட்சுக்கா ராய்ச்சோ நோராவை முழுமனதாகப் பாராட்டவில்லை என்பது கருதற்பாலது. கதவைச் சாத்திச் செல்வது தொடக்கமே. உள்ளிருக்கும் மெய்யான தன்னைக் கண்டறிதலே விடுதலை என்பது அவர் கருத்து. சென் தியானத்திற் பயின்ற ஒருவரிடம் இது வியப்பன்று. ஆயினும் இந்த உள்நோக்கிற்குப் புறக்காரணமும் உண்டு. 1898ஆம் ஆண்டுக் குடியியற் சட்டம் மனைத்தலைவனின் அதிகாரத்தை நாடெங்கும் நிலைநாட்டியிருந்தது. முப்பது வயதுக்குட்பட்ட ஆணும் இருபத்தைந்துக்குட்பட்ட பெண்ணும் மணம்புரியப் பெற்றோர் இசைவு வேண்டும் என அது விதித்தது. வெளியே அசைக்கவியலாத அரசை எதிர்நோக்கியவர் உள்ளே இடந்தேடினர். ராய்ச்சோவே 1914இல் சட்டப்படி மணம்புரியாமல் இல்வாழ்வு தொடங்கினார்.

சீனத்தில் 'புதிய இளைஞர்' சஞ்சிகை 1918 யூனில் இப்சன் சிறப்பிதழை வெளியிட்டது. அதில் தனிமனிதவாதத்தை முழங்கிய ஹூ ஷி, முந்திய ஆண்டுதான் தாயார் நிச்சயித்த பெண்ணை மணந்திருந்தார்! மறு ஆண்டு நவம்பரில் சாங்சா நகரில், விரும்பா மணத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட சாஓ வூசென் மணப்பல்லக்கிலேயே கழுத்தை அறுத்துக்கொண்டு இறந்தாள். இளைஞரான மாஓ சேதுங் தொடர்கட்டுரைகள் எழுதி, சமூகம், பிறந்தகம், புகுந்தகம் என்ற மூன்றுமே அவளைக் கொன்றன என வாதிட்டார். 1923 டிசம்பரில் பீக்கிங் பெண்கள் உயர் ஆசிரியர் கல்லூரியில் உரையாற்றிய லூ சுன், வீட்டைவிட்டு வெளியேறிய நோரா என்ன ஆவாள் என்று வினவினார். கையிற் பணமில்லாதவள் ஒன்றில் கெட்டழிவாள், அல்லது திரும்பி வருவாள். எனவே பொருளாதார உரிமையே முதன்மையானது என்பது அவர் விடை. 1925இல் அவர் எழுதிய சிறுகதையொன்றின் நாயகி, காதலனோடு வாழத் துணிந்து, வறுமையாற் பிரிந்து, தந்தை வீட்டிற்கு மீண்டு இறந்துபோகிறாள். குலம் ஒருபுறம், சிதறுண்ட அரசு மறுபுறம். ஒதுங்கி வாழும் தனியிடம் எதுவும் அவளுக்கு இருக்கவில்லை.

யப்பானியர் பொருளாதாரத்தை மறந்தனர் எனக் கொள்ளலாகாது. 1918இலும் 1919இலும் நிகழ்ந்த தாய்மைப் பாதுகாப்பு விவாதத்தில், பெண் கணவனையோ அரசையோ சாராது உழைத்து வாழவேண்டும் என்றார் யொசானோ அக்கிக்கோ. தாய்மைக்கு அரசு துணைநிற்க வேண்டும் என்றார் ராய்ச்சோ. இரண்டும் அரைகுறை, பொருளாதார அமைப்பே மாறவேண்டும் என்றார் பொதுவுடைமையாளரான யமக்காவா கிக்குவே. இக்கட்டுரையாளரின் எண்ணத்தில் மூவருள்ளும் லூ சுன்னுக்கு மிக அண்மையில் நிற்பவர் கிக்குவேயே. பஞ்சாலைப் பெண்ணின் ஒப்பந்தத்தில் முற்பணம் பெற்றுக் கையொப்பமிட்டவர் அவள் தந்தையாக இருந்த நாட்டில், உழைப்பு மட்டும் விடுதலை தந்துவிடாது.

போருக்குப் பின் அச்சொல் இரு நாட்டுச் சட்டங்களிலும் இடம்பெற்றது. 1947இல் நடைமுறைக்கு வந்த யப்பானிய அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை, மக்களைத் தனிமனிதராக மதித்து, உயிர், சுதந்திரம், இன்பவாழ்வு நாடல் ஆகியவற்றுக்கான உரிமையை ஏற்கிறது. பொதுநலனுக்கு ஊறு நேராதவரை என்ற வரம்பும் அதிலுண்டு. 1950 மே மாதம் வெளிவந்த சீனத் திருமணச் சட்டம் பெற்றோர் திணிக்கும் மணங்களை ஒழித்தது. சாஓ வூசென் இறந்து முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. அதன் 8ஆம் உறுப்புரையிலும் அதே சொல் வருகிறது. ஆனால் அங்கு அது உரிமையாக வரவில்லை. குடும்பத்தின் இன்பவாழ்வுக்காகவும் புதிய சமுதாயத்தைக் கட்டியெழுப்புவதற்காகவும் சேர்ந்து பாடுபடுவது கணவன் மனைவியரின் கடமை என்று அவ்வுறுப்புரை விதிக்கிறது.