சரக்குக்குப் போட்ட பாதைகள்: மாலகாவின் ஒருநாள் பயணங்கள் உருவான வரலாறு

தென் ஸ்பெயினின் அந்தலூசியாவில், மத்தியதரைக் கடலோரம் இருக்கிறது மாலகா. அங்கே நான்கு நாள் தங்குபவர் எவரானாலும் அநேகமாக ஒரே வரிசையில்தான் சுற்றுகிறார். தென்மேற்கே தொரெமொலினோஸ், கிழக்கே நெர்ஹா குகை, வடமேற்கே எல் சோர்ரோ மலைப்பிளவு, மேற்கே ரோந்தா. அழகு ஒன்றே இவ்வூர்களைத் தேர்ந்தெடுத்தது என்று சொல்லிவிட முடியாது. இவற்றுக்கு நிகரான மலையும் ஊரும் அதே மாகாணத்தில் பல உள்ளன. இந்நான்கில் மூன்றுக்கு இட்டுச்செல்லும் வழிகள் நிலக்கரி, விளைபொருள், மின்சாரம், துறைமுக வணிகம் ஆகியவற்றை முன்னிட்டு அமைந்தவை. அந்தத் தொழில்கள் தளர்ந்த பிறகும் வழிகள் நிலைத்தன. அவற்றின் மீதே சுற்றுலா வளர்ந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மாலகாவைப் பார்க்கவேண்டிய ஊராக அதிகம் பேர் கருதவில்லை. 1845இல் வெளிவந்த ரிச்சர்ட் ஃபோர்டின் ஸ்பெயின் பயணக் கையேடு, தட்பவெப்பம், பாதாம், உலர்திராட்சை, இனிப்பு ஒயின் ஆகியவற்றைத் தாண்டி அங்கே ஈர்ப்பு அதிகமில்லை என்றே மதிப்பிட்டது. ஆனால் அந்தத் தட்பவெப்பத்தை மருத்துவர்கள் வேறு கண்ணோடு பார்த்தார்கள். விசென்தே மார்த்தினெஸ் இ மொந்தெஸ் என்ற மருத்துவர் 1852இல் நகரின் காற்று, நீர், நோய்கள் பற்றித் தனி நூலே எழுதினார். மிதமான குளிர்காலத்தை நாடி வடக்கு ஐரோப்பாவின் நெஞ்சு நோயாளிகள் வந்தார்கள். ஊரில் முதலில் தங்கிய அயலார் நோயாளிகளும் வணிகர்களும்தான். அவர்களில் இறந்த சீர்திருத்தக் கிறித்தவர்களுக்கு முன்பு கல்லறை நிலம்கூடக் கிடையாது. பிரிட்டிஷ் தூதர் வில்லியம் மார்க் விடாமல் முயன்றதன் பலனாக 1831இல் ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டம் உருவாயிற்று. ஸ்பெயின் பெருநிலத்தில் சீர்திருத்தக் கிறித்தவர்களுக்கென அமைந்த முதல் இடுகாடு அதுவே. 1862இல் வந்த டேனிஷ் எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் அதைச் சுற்றிப்பார்த்து மனம் நெகிழ்ந்து எழுதினார். கோட்டையையும் பேராலயத்தையும் போலவே ஒரு கல்லறையும் பயணியின் பட்டியலில் இடம்பெற்ற காலம் அது.

அதே காலத்தில் நகரத்தின் கவனம் முழுவதும் தொழிலில் இருந்தது. மானுவேல் அகுஸ்தின் எரேதியா 1830களில் கடற்கரையில் நிறுவிய இரும்பு உருக்காலை, ஸ்பெயினின் தொடக்ககால ஊது உலைகளுள் ஒன்று. உலைக்குத் தேவையான நிலக்கரி மலிவாகக் கிடைக்கவில்லை. உள்நாட்டில், கோர்தோபா மாகாணத்துச் சுரங்கங்களிலிருந்து அதைக் கொண்டுவரும் ஆசைதான் கோர்தோபா–மாலகா ரயில் பாதைக்கு உந்துதல். 1865இல் பாதை திறந்தபோது காலம் கடந்திருந்தது. வடக்கு ஸ்பெயினின் ஆலைகள் முந்திவிட்டன, மாலகாவின் உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அடுத்த அடி 1878இல் விழுந்தது. திராட்சைக் கொடியின் வேரைத் தின்னும் ஃபைலாக்செரா பூச்சி ஸ்பெயினில் முதன்முதலாக இம்மாகாணத்தில்தான் கண்டறியப்பட்டது. மலைச்சரிவுகளில் இருந்த கொடிகள் பட்டுப்போயின, குடும்பங்கள் ஊரைவிட்டுக் கப்பலேறின.

இந்த இரட்டை வீழ்ச்சிக்குப் பிறகுதான் தட்பவெப்பம் ஒரு விற்பனைப் பொருளாக எண்ணப்பட்டது. 1897இல் நகரப் பிரமுகர்கள் கூடி, மாலகாவின் தட்பவெப்பத்தைப் பரப்பவும் நகரை அழகுபடுத்தவும் ஒரு சங்கம் தொடங்கினார்கள். சங்கத்தின் பெயரிலேயே அவர்கள் நோக்கம் முழுதும் அடங்கியிருந்தது. இதன் தொடர்ச்சியாக 1918இல் பாஞோஸ் தெல் கார்மென் கடற்குளியல் நிலையம் வந்தது. 1926இல் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோ மன்னர் திறந்துவைத்த பெரிய ஓட்டல், இன்றைய மிராமார், வந்தது.

இந்த இடத்தில் ரயில் பாதைக்குத் திரும்பவேண்டும். நிலக்கரியை எதிர்பார்த்துப் போட்ட அந்தத் தடம் மாலகாவுக்கு வடமேற்கே குவாதல்ஓர்சே ஆறு பாறையைப் பிளந்து ஓடும் இடத்தை அடுக்கடுக்கான சுரங்கங்கள் வழியே கடக்கிறது. அங்கே ரயில் நிலையம் இருந்ததால் ஆற்றின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்க முனைந்த நிறுவனத்துக்குப் பொருள்களைக் கொண்டுசேர்ப்பது எளிதாயிற்று. நீர்க்கால்வாயைப் பராமரிக்கும் தொழிலாளர் நடப்பதற்காக 1901 முதல் 1905 வரை, செங்குத்துப் பாறையில் இரும்புச் சட்டங்களைப் பதித்து, ஆற்றுக்கு ஏறத்தாழ நூறு மீட்டர் உயரத்தில் ஒரு நடைபாதை கட்டப்பட்டது. அகலம் ஒரு மீட்டர்தான். மேலே கட்டிய பேரணையின் நிறைவு விழாவுக்கு 1921இல் மன்னர் வந்தார். அன்றுமுதல் அது மக்கள் வாயில் ‘கமினீத்தோ தெல் ரெய்’, அரசரின் சிறுபாதை. காலப்போக்கில் காங்கிரீட் உதிர்ந்து பாதை ஓட்டையானது. 1999, 2000 ஆண்டுகளில் ஏறியவர்கள் விழுந்து இறந்ததால் அரசு நுழைவை அடைத்தது. பழைய பாதையின் எச்சத்துக்கு மேலே புதிய பலகைப்பாதை அமைத்து 2015இல் திறந்தார்கள். இன்று முன்பதிவு செய்த நடைப்பயணிகள் அதே எல் சோர்ரோ நிலையத்தில் இறங்குகிறார்கள். பாதைக்கு மன்னரின் பெயர் வாய்த்தது வரலாற்றின் அநீதி என்றே நான் கருதுகிறேன். அதில் நாள்தோறும் நடந்தவர்கள் கால்வாய்க் கூலிகள்.

ரோந்தாவின் கதையும் இதற்கு நெருங்கியதே. 1793இல் முடிந்த புதிய பாலம் ஊரைப் பிளக்கும் ஆழ்பள்ளத்தின் இரு கரைகளையும் இணைத்திருந்தாலும், ஊரை எட்டுவது கடினமாகவே இருந்தது. பிரிட்டிஷ் முதலீட்டில் போபதில்யா ரயில் சந்திப்பிலிருந்து அல்ஹெசிராஸ் துறைமுகம்வரை போன ரயில் 1890களின் தொடக்கத்தில் நிறைவடைந்தது. அதன் அருகிலுள்ள ஜிப்ரால்டரின் ஆங்கிலேயருக்கு அப்போதுதான் ரோந்தா கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. 1906இல் அங்கே எழுந்த விக்டோரியா அரசியின் பெயர்கொண்ட ஓட்டல் அவர்களை எதிர்பார்த்தது.

கடலோரத்தில் நிகழ்ந்தது இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. விளைபொருளும் பயணிகளும் செல்ல இரண்டு குறுகிய ரயில் தடங்கள் வந்தன: 1908இல் கிழக்கே வேலெஸ்–மாலகாவுக்கு, 1916இல் மேற்கே ஃபுயென்ஹிரோலாவுக்கு. கிழக்குத் தடம் 1968இல் மூடப்பட்டது. மேற்குத் தடம் மட்டும் 1970களில் அகலப்பாதையாக மறுபிறவி எடுத்து, விமான நிலையத்தையும் தொரெமொலினோஸையும் கோத்தது. இன்று மேற்கே போக ரயில், கிழக்கே போகப் பேருந்து என்ற வேறுபாட்டுக்குப் பெரும் காரணம் இந்த முடிவுதான். ரின்கோன் தெ லா விக்தோரியா அருகே பழைய ரயில் சுரங்கங்களில் இப்போது மக்கள் காலாற நடக்கிறார்கள்.

கிழக்குச் சாலையைப் பற்றி இன்னொன்றைச் சொல்லாமல் நகர முடியாது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், 1937 பிப்ரவரியில் மாலகா பிராங்கோ தரப்பிடம் வீழ்ந்தபோது, பல்லாயிரம் மக்கள் அல்மெரியாவை நோக்கி இந்தக் கடலோரச் சாலையில் கால்நடையாக ஓடினார்கள். கடலிலிருந்து கப்பல்களும் வானிலிருந்து விமானங்களும் அவர்களைச் சுட்டன. கனடிய மருத்துவர் நார்மன் பெத்யூன் தம் வாகனத்தில் குழந்தைகளை ஏற்றி மீட்டார். நெர்ஹாவின் குகையை 1959 ஜனவரியில் உள்ளூர் இளைஞர் ஐவர் கண்டறிந்தார்கள், அடுத்த ஆண்டே அது பார்வையாளருக்குத் திறந்தது. ஆனால் அக்கொலைகளைப் பொதுவெளியில் பேச, பிராங்கோவின் சர்வாதிகாரம் முடியும்வரை காத்திருக்க நேர்ந்தது. நெர்ஹா பயணத்தை விவரிக்கும் எந்த வழிகாட்டியும் இச்சாலையின் கதையை விடக்கூடாது.

1959 பொருளாதாரத்திலும் திருப்புமுனை. ஸ்பெயினின் நாணயமான பெசெத்தாவின் மதிப்பு குறைக்கப்பட, ஸ்பெயின் அயலாருக்கு மலிவானது. 1960இல் நாட்டுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 60 லட்சம், 1973இல் 3 கோடியே 40 லட்சம். தொரெமொலினோஸில் பெஸ் எஸ்பாதா ஓட்டல் 1959இலேயே திறந்தது. மீனவர் கரையில் மாடிக் கட்டடங்கள் வரிசைகட்டின. வினோதம் என்னவென்றால், மாலகா நகரம் இதில் வெறும் வாசலானது. விமானத்தில் இறங்கியவர்கள் நகருக்குள் நுழையாமலே கடற்கரைக்குப் போனார்கள். நகரமும் தன் பழமையைப் பொருட்படுத்தவில்லை. 1951இல் அல்கசாபா கோட்டையின் அடிவாரத்தில் ரோமானிய அரங்கு வெளிப்பட்டது தெரிந்தும், அதன்மீது பண்பாட்டு இல்லம் ஒன்று பல்லாண்டுகள் நின்றது. 1990களில் அதை இடித்த பிறகே அரங்கு வெளிச்சத்துக்கு வந்தது, 2011இல் பொதுமக்களுக்குத் திறந்தது.

நிலைமையைப் புரட்டியது 2003இல் திறந்த பிக்காசோ அருங்காட்சியகம். ஓவியர் 1881இல் பிறந்த ஊர் அவருக்கென ஓர் இல்லம் அமைக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அருங்காட்சியகம் இருக்கும் மாளிகையின் அடித்தளத்தில் பீனீசியர் காலச் சுவரையும் காணலாம். 2007இல் மாட்ரிட்டிலிருந்து அதிவேக ரயில், 2015இல் பாரிஸின் பொம்பிதூ கலை மையத்தின் கிளை என்று அடுத்தடுத்து வர, கடற்கரையில் தங்குபவர்கள் ஒருநாள் பயணமாக மாலகாவுக்கு வரத் தொடங்கினார்கள். வாசலாக இருந்த ஊரே காட்சியாயிற்று. அதற்கான விலையை ஊர் மக்கள் வீட்டு வாடகையில் கொடுக்கிறார்கள். பயணிகளுக்கான குறுகியகாலக் குடியிருப்புகள் பெருகி நகர மையத்திலிருந்து குடும்பங்கள் வெளியேறும் நிலையில், 2024 ஜூனில் ஆயிரக்கணக்கானோர் தெருவில் திரண்டு வாழ வீடு கேட்டார்கள்.