கண்ணாடி வள்ளத்தில் ஒரு பயணம்

எங்கள் வீட்டு வரவேற்பறை அலுமாரியில், புத்தகங்களுக்கு முன்னால், ஒரு முருகைக்கல் துண்டு இருக்கின்றது. உள்ளங்கையளவு வெள்ளைக் கல். மான்கொம்பு போலக் கிளைத்திருக்கும். 1997ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஹிக்கடுவைக் கடற்கரை வீதியோரத்தில் ஒருவரிடம் பேரம் பேசி வாங்கியது. அந்தக் கல்லை வைத்துக்கொண்டுதான் இதனை எழுதுகின்றேன்.

அப்போது நான் கொழும்பில் ஒரு தமிழ்த் தினசரியில் உதவி ஆசிரியராக இருந்தேன். போர்க்காலம். அடையாள அட்டையில்லாமல் தெருமுனைக் கடைக்கும் போகமுடியாத நாட்கள். புத்தாண்டு விடுமுறையில் அலுவலக நண்பர்கள் ஐவர் கோட்டையிலிருந்து புகையிரதமேறித் தெற்கே போனோம். கையில் சோற்றுப்பொதி, சட்டைப்பையில் அடையாள அட்டை. ஹிக்கடுவையில் இறங்கி, அடித்தளத்தில் கண்ணாடி பதித்த வள்ளமொன்றில் ஏறினோம். குனிந்து பார்த்தால் காலடியில் வேறோர் உலகம். மஞ்சளும் நீலமுமாக மீன்கள், பூத்த மரங்கள் போன்ற முருகைக் கற்கள். ஊரில் நடப்பவற்றை ஒரு மணித்தியாலமேனும் மறந்திருந்தோம். அந்தப் பயணத்தின் நினைவாகத்தான் அந்தக் கல்லை வாங்கினேன். பாதுகாக்கப்பட்ட கடலிலிருந்து அது வந்திருக்கலாம் என்ற எண்ணம் அன்று எனக்குத் தோன்றவேயில்லை. பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவனுக்கு, வரலாறு என்பது கரையோடு முடிந்துவிடுவதாகவே அப்போது நினைப்பு.

முருகைக்கல் என்று ஈழத்திலும் பவளப்பாறை என்று தமிழகத்திலும் நாம் அழைப்பது, உண்மையில் மிகச் சிறிய உயிரினங்கள் தம்மைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் சுண்ணாம்புக் கூடு. அவ்வுயிர்களின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் வாழ்கின்றன. நிறத்தையும் உணவின் பெரும்பகுதியையும் கொடுப்பவை அப்பாசிகளே. தலைமுறை தலைமுறையாகக் கூட்டின்மேல் கூடு ஏறித்தான் ஒரு பார் உருவாகின்றது.

இலங்கையின் முருகைக்கற் பார்களைப் பார்க்கவென்றே வந்தவர்களின் வரிசை நீளமானது. 1864-65இல் ஒஸ்ரியப் பிரபுவான ஒய்கன் வொன் ரான்சொனே இங்கு வந்து, கண்ணாடிச் சாளரம் வைத்த மூழ்குகூண்டு ஒன்றைச் செய்வித்து, கடலுக்கடியில் இருந்தபடியே படம் வரைந்தார். 1867இல் வெளியான அவரது நூலில் அப்படங்கள் உள்ளன. ஜேர்மனிய உயிரியலாளர் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் 1881-82இல் வந்து வெலிகமவில் தங்கிக் கடலுயிரிகளை ஆராய்ந்தார். அவருடைய பயணக்கடிதங்கள் ஐரோப்பியரிடையே இலங்கையைப் பார்க்கும் ஆசையை வளர்த்தன.

பின்னர் வந்தவர் ஆதர் சி. கிளார்க். 1954இல் அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பாரைக் காணக் கப்பலேறியவர், வழியில் கொழும்பில் ஒரு பிற்பகலைக் கழித்தார். 1956இல் திரும்பி வந்து இங்கேயே குடியேறினார். அதே ஆண்டில் அவருடைய தோழர் மைக் வில்சன் திருகோணமலைச் சுவாமிமலைக்குக் கீழே சுழியோடியபோது, போர்த்துக்கேயர் 1624இல் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களைக் கடலடியில் கண்டார். 1957இல் வெளியான, தப்ரபேனின் முருகைப் பார்கள் பற்றிய கிளார்க்கின் நூலில் அச்செய்தி இடம்பெற்றது. மீன் பார்க்கப் போனவர்கள் எங்கள் வரலாற்றின் ஒரு துண்டை மேலே கொண்டுவந்தார்கள். 1962இல் வில்சன் இயக்கிய 'ரன்முத்து தூவ' என்ற சிங்களத்தின் முதல் வண்ணப்படம், கடலடிக் காட்சிகளைத் திரையரங்குக்குக் கொண்டுவந்தது. 1966இல் உல்லாசப் பயணச் சபை அமைந்தது. ஹிக்கடுவையில் விடுதிகள் எழுந்தன. 1979இல் அங்குள்ள பார் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது.

இது ஒரு வரலாறு. இதற்கு அருகிலேயே இன்னொரு வரலாறும் நடந்துகொண்டிருந்தது.

முருகைக்கல்லைச் சுட்டால் சுண்ணாம்பு. வீடு கட்டவும் சுவர் வெள்ளையடிக்கவும் வெற்றிலைக்கும் அதுதான். காலிக் கோட்டையின் மதிலிலே முருகைக்கல் இருக்கின்றது. எங்கள் நெடுந்தீவில் வேலிகளே முருகைக்கல்லை அடுக்கிக் கட்டியவை. அவற்றின் அழகைப் பாடாத தீவார் இல்லை. ஒரு தீவின் தேவைக்குக் கரையிலே கிடந்த கல்லைப் பொறுக்கியது வேறு. ஒரு நாட்டின் கட்டடத் தொழிலுக்கு உயிருள்ள பாரைப் பெயர்ப்பது வேறு. அம்பலாங்கொடைக்கும் ஹிக்கடுவைக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் காலி வீதி நெடுகச் சூளைகள் புகைந்தன. அவற்றிற்கான கல்லின் பெரும்பங்கு உள்நிலத்தில் தோண்டப்பட்ட பழம்பாறை என்றாலும், கடலிலிருந்து பெயர்த்ததும் சேர்ந்தே வந்தது. 1981இல் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1988இல் அதனைத் திருத்திக் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதைத் தடைசெய்தார்கள். ஆயினும் கல் பெயர்ப்பது நிற்கவில்லை. கல் பெயர்த்தவர்கள் ஏழைகள். அவர்களுக்கு வேறு தொழில் காட்டாத சட்டம் காகிதத்திலேயே தங்கிவிட்டது.

நாங்கள் கண்ணாடி வள்ளத்தில் போனதற்கு மறு ஆண்டு, 1998இல், இந்து சமுத்திரம் வழமைக்கு மாறாகச் சூடேறியது. நீர் சூடேறினால் முருகை உயிர்கள் தம்முள் வாழும் பாசிகளை வெளியேற்றிவிடும். கல் வெளிறும். சூடு நீடித்தால் உயிர் போகும். நான் பார்த்த அந்த வண்ணச் சோலையின் பெரும்பகுதி அவ்வாண்டில் மடிந்தது. 2002இல் ஹிக்கடுவையைத் தேசிய பூங்காவாகத் தரமுயர்த்தினார்கள். பூங்காவுக்குள் எஞ்சியிருந்த உயிர்கள் குறைவு.

பிறகு 2004 டிசம்பர் 26. பௌர்ணமி விடுமுறை நாள். கொழும்பிலிருந்து மாத்தறை நோக்கிப் போன புகையிரதம் தெல்வத்தைக்கு அருகே பெரலியவில் நின்றபோது ஆழிப்பேரலை அதனைப் புரட்டியது. ஏறத்தாழ 1,700 பேர் அங்கே மாண்டார்கள். 1997இல் நாங்கள் சோற்றுப்பொதியுடன் போன அதே பாதை. சில நாட்களின் பின்னர் செய்தியாளனாக அங்கே போனேன். வளைந்த தண்டவாளங்களையும் பெட்டிகளையும் பற்றி அன்று எழுதினேன். ஒன்றை மட்டும் எழுதத் தவறினேன். அங்கிருந்து சில கிலோமீற்றர் தெற்கேயுள்ள ஹிக்கடுவையில் ஏன் அவ்வளவு அழிவில்லை என்ற கேள்வியை நான் கேட்கவில்லை.

அதனைக் கேட்டவர்கள் விஞ்ஞானிகள். இலங்கையில் பிறந்த பேராசிரியர் ஹரீந்திர பெர்னாண்டோவும் அவருடைய குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெரலியவில் ஏறக்குறைய 10 மீற்றர் உயரமாக எழுந்த அலை ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே சென்றது. பார் காப்பாற்றப்பட்டிருந்த ஹிக்கடுவையில் அலை 2 முதல் 3 மீற்றர் உயரமே இருந்தது. நீர் ஏறத்தாழ 50 மீற்றர் தூரத்துடன் நின்றது. பெரலியவுக்கு முன்னாலிருந்த கடலில் முருகைக்கல் பெயர்க்கப்பட்டிருந்ததையே அவர்கள் முக்கிய காரணமாகக் கண்டார்கள். அச்சேயில் ஆராய்ந்த வேறு அறிஞர்கள், அங்கு பார்கள் அலையைத் தடுக்கவில்லை என்றார்கள் என்பதையும் சொல்லவேண்டும். அச்சே நிலநடுக்க மையத்துக்கு மிக அருகிலிருந்தது. அவ்வளவு பெரிய அலையின் முன் எந்தப் பார் நிற்கும்? கடலடியின் அமைப்பும் கரையின் உயரமும் எல்லா இடத்திலும் சேர்ந்தே விடை சொல்கின்றன. ஆனால் அன்றாட அலையின் வேகத்தைப் பார் தணிக்கின்றது என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

அதற்கான சாட்சியம் மன்னார் வளைகுடாவின் மறுகரையில் இருக்கின்றது. பாம்பனுக்கும் தூத்துக்குடிக்குமிடையில் 21 தீவுகள். 1986இல் அவற்றையும் சுற்றியுள்ள கடலையும் தமிழக அரசு கடல்சார் தேசிய பூங்காவாக்கியது. அவற்றுள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டும் இன்று நீருக்கடியில். நீண்டகாலமாகச் சுற்றியிருந்த பாரைச் சுண்ணாம்புக்காக வெட்டியெடுத்ததே அதற்கு முக்கிய காரணமாகக் காட்டப்படுகின்றது. பார் போனால் தீவும் போகும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டியதில்லை.

போர் முடிந்து மூன்று ஆண்டுகளின் பின்னர், 2012இல், குடும்பத்துடன் நிலாவெளிக்குப் போனேன். கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றர் தூரத்தில் புறாத்தீவு. மாடப்புறாக்கள் அடையும் பாறைகளால் பெற்ற பெயர். பிரித்தானியர் காலத்தில் அதனைப் பீரங்கி பழகும் இலக்காகப் பயன்படுத்தினார்கள். 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசிய பூங்காவானது. 1998இன் வெப்பத்திலும் திருகோணமலைப் பக்கத்துப் பார்கள் பெரிதும் தப்பின. போர் ஆட்களை வரவிடவில்லை. போர் எதையும் காத்தது என்று எழுத என் கை கூசுகின்றது. ஆனாலும் காலடிகள் குறைவாக இருந்தன என்பது உண்மை.

நாங்கள் போன நாளில் தீவு திருவிழாக்கோலமாயிருந்தது. நாட்டின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் வந்தவர்கள். பல ஆண்டுகளாகக் காணக்கிடைக்காத கடலைக் காண வந்தவர்களின் மகிழ்ச்சியை நான் குறைகூற மாட்டேன். அதில் நானும் ஒருவன். அங்கே பார் கரைக்கு மிக அண்மையில், இடுப்பளவு நீரிலேயே தொடங்குகின்றது. நீந்தத் தெரியாதவர்கள் அதன்மேல் ஏறி நின்று படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீருக்குள் கால் தடுமாறிய நானும் ஒரு கல்லின்மேல் மிதித்து நின்றேன்.

எங்களை ஏற்றிவந்த வள்ளக்காரர் கரையிலிருந்து சத்தமிட்டார். "ஐயா, அதிலை மிதியாதேங்கோ. அது கல்லெண்டு நினைக்கிறியள், உசிருள்ள சாமான்."

நான் இறங்கிக் கொண்டேன். திரும்பும் வழியில் அவரிடம் பேசினேன். ஆட்களைக் கூட்டிவருவதும் அவர்தான், மிதிக்கவேண்டாமென்று கத்துவதும் அவர்தான். "சனம் வராட்டி எங்களுக்குச் சாப்பாடில்லை. கல்லுச் செத்தால் சனம் வராது. என்னத்தைச் செய்ய, ஐயா?" என்றார். இந்தச் சிக்கலை எத்தனையோ கருத்தரங்குகளில் கேட்டிருக்கின்றேன். இவ்வளவு சுருக்கமாக எவரும் சொன்னதில்லை.

2024 ஏப்ரலில், உலகளவிலான நான்காவது வெளிறல் தொடங்கிவிட்டதாக அறிவித்தார்கள். கடல் சூடாவதை நிலாவெளி வள்ளக்காரரோ நானோ தனித்துத் தடுக்கமுடியாது. ஆனால் வெப்பத்தில் வெளிறிய கல் சூடு தணிந்தால் மீளக்கூடும். மிதித்து உடைந்த கிளை பழையபடி வளர ஆண்டுகள் பலவாகும். எனவே பிள்ளைகளுடன் போகும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். போங்கள், பாருங்கள், வள்ளக்காரருக்கு உரிய கூலியைக் கொடுங்கள். கல்லின்மேல் நிற்காதீர்கள். துண்டொன்றையும் கொண்டுவராதீர்கள்.

நான் கொண்டுவந்த துண்டைத் திரும்பக் கடலில் போடலாமா என்று மகள் ஒருமுறை கேட்டாள். போட்டாலும் அதற்கு உயிர் வராது என்றேன். அலுமாரியிலேயே இருக்கின்றது. வீட்டுக்கு வருபவர்கள் அழகாக இருக்கின்றதே என்று கையில் எடுப்பார்கள். அப்போதெல்லாம் பெரலியவின் கதையை அவர்களுக்குச் சொல்கின்றேன்.