செம்பைக் கவிழ்த்துக் காட்டு

அந்நாளில் எங்கள் தெருவுக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து, வாசலிலேயே பால் கறந்து கொடுப்பார் ஒரு கோனார். கறப்பதற்கு முன்னால் செம்பைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். "என் மேலே நம்பிக்கை இல்லையா, அம்மா?" என்று அவர் கேட்காத நாள் கிடையாது. "நம்பாமல் என்ன, கோனாரே! செம்பை மட்டும் கவிழ்த்துக் காட்டிவிடுங்கள்" என்று என் தாயார் சொல்லாத நாளும் கிடையாது.

ரசாயனக் கம்பெனிகள் உலகத்துக்கு அளித்த ஒரு வாக்குறுதியின் சரித்திரத்தைப் படித்தபோது எனக்கு அந்தச் செம்பு ஞாபகம் வந்தது.

போபாலைச் சொல்லாமல் அந்தச் சரித்திரத்தைச் சொல்ல முடியாது. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவையொட்டி, யூனியன் கார்பைடு பூச்சிமருந்துத் தொழிற்சாலையின் தொட்டி ஒன்றிலிருந்து சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் வெளியேறித் தூங்கிக்கொண்டிருந்த நகரத்தின் மீது கவிந்தது. பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாத இடமா அது? இருந்தன. தொட்டியைக் குளிர்விக்கும் யந்திரம் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரிக்க வேண்டிய கோபுரத்தின் குழாய், பழுது பார்ப்பதற்காகக் கழற்றப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவி விஷத்தைப் போக்கும் சாதனமோ அந்த வெள்ளத்துக்கு ஈடுகொடுக்கவில்லை.

இதிலே மனத்தை உறுத்துவது வேறொன்று. 1982 மே மாதத்திலேயே கம்பெனியின் அமெரிக்கத் தலைமையகத்துக் குழு ஒன்று வந்து சோதனை செய்து, விஷப்பொருள் வெளிப்படக்கூடும் என்று குறைகளை எழுதிக் கொடுத்திருந்தது. ஆனால் அது ஊருக்காக எழுதப்பட்ட அறிக்கை அன்று. ஊருக்காக எழுதியவர் ராஜ்குமார் கேஸ்வானி என்ற போபால் பத்திரிகையாளர். அதே 1982-இல் தம் சிறு பத்திரிகையில் எச்சரித்து எழுதினார். கேட்பார் இல்லை. விபத்தில் மாண்டவர்கள் 3,787 பேர் என்று மாநில சர்க்கார் ஒரு சமயம் கணக்குச் சொல்லிற்று. உண்மை அதைவிடப் பல மடங்கு என்பவர்கள் உண்டு.

மறு ஆண்டு ஆகஸ்டில், அதே கம்பெனியின் மேற்கு வர்ஜீனியாத் தொழிற்சாலையிலும் விஷப்பொருள் கசிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒருவன் வீட்டில் பற்றிய தீ தெரு முழுவதற்கும் கெட்ட பெயர் என்று மற்ற கம்பெனிகள் கலங்கின. கடுமையான சட்டம் வந்துவிடுமே என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. கனடா நாட்டு ரசாயன உற்பத்தியாளர் சங்கம் 1985-இல் 'ரெஸ்பான்சிபிள் கேர்' என்ற ஏற்பாட்டைக் கொண்டு வந்தது. பொறுப்போடு நடந்துகொள்வோம் என்று கம்பெனிகள் தாமாகவே ஏற்றுக்கொள்ளும் விரதம் அது. அமெரிக்கச் சங்கம் 1988-இல் அதைத் தழுவியது. இன்று அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியிருக்கிறது. இதை வெறும் வேஷம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. மனப்பூர்வமாக உழைத்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள்.

இதற்கிடையில் அமெரிக்க சர்க்கார் 1986-இல் ஒரு சட்டம் செய்தது. இன்ன விஷப்பொருளை இவ்வளவு ராத்தல் வெளியே விட்டோம் என்று தொழிற்சாலைகள் ஆண்டுதோறும் கணக்குக் கொடுக்க வேண்டும். அதை யாரும் பார்க்கலாம். ஆண்ட்ரூ கிங், மைக்கேல் லெனாக்ஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1987 முதல் 1996 வரையிலான இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு, விரதம் பூண்டவர்களையும் பூணாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2000-இல் வெளியான முடிவைப் படித்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. விரதக்காரர்கள் மற்றவர்களைவிட மெதுவாகத்தான் சீர்பட்டிருந்தார்கள்! மீறினால் தண்டனை இல்லாத கட்டுப்பாட்டுக்குள் சும்மா இருப்பவர்களும் நுழைந்து நல்ல பெயரில் பங்கு கேட்பார்கள் என்பது அவர்கள் கண்ட காரணம்.

வாக்குறுதியின் எடையைக் காட்டிக் கொடுத்தது சட்டம் கேட்டு வாங்கிய கணக்கு என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். சங்கங்களும் இதை உணராமல் இல்லை. கனடாவில் 1993 முதல் சோதனைக் குழுவில் தொழிற்சாலை இருக்கும் ஊர்க்காரர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டார்கள். அமெரிக்காவிலும் பின்னர் வெளியார் வந்து சோதித்துச் சான்று கொடுக்கும் முறை கட்டாயமாயிற்று.

போபால் தொழிற்சாலையில் குவிந்து கிடந்த 337 டன் விஷக் கழிவு, ஹைகோர்ட்டு கெடு வைத்த பிறகு, 2025 ஜனவரியில்தான் லாரி ஏறியது.